பாக்கி என்று எழுதியிருந்தது

கடையில் பத்து வெள்ளி நோட்டை நீட்டி ஆறு வெள்ளிக்குச் சாமான் வாங்கினால், கடைக்காரர் திருப்பித் தருவது பாக்கி. அதே கடையில் போன மாதம் கடனாக வாங்கிய மீனுக்கு நாம் தர வேண்டியதும் பாக்கி. மலாய்க்காரர்களுக்கும் இதே சொல்தான். சேமிப்புப் புத்தகத்தில் நம்முடைய மிச்சக் காசுக்குப் பக்கத்தில் ‘பாக்கி’ என்றுதான் அச்சடித்திருப்பார்கள். கைக்கு வருவதற்கும் கையை விட்டுப் போவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் இத்தனை காலம் குழப்பமில்லாமல் பிழைத்துவிட்டோம். கடைக்காரரின் முகத்தைப் பார்த்தாலே எந்தப் பாக்கி என்று தெரிந்துவிடும். பேங்க் அனுப்பும் தாளில் பார்ப்பதற்கு முகம் இல்லை.

என் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். தொழிற்சாலையில் மூட்டை போட்ட தூளை ஏற்றிக்கொண்டு விடியும் நேரத்தில் புறப்பட்டு, ரிங்லெட்டைத் தாண்டி, வளைவு வளைவாகத் தாப்பாவுக்கு இறங்கி, ஈப்போ வரைக்கும் சில நாள் கோலாலம்பூர் வரைக்கும் போய் வருவார். நான் அதே தொழிற்சாலையில் பாக்கெட் கட்டும் பகுதியில் நிற்கிறவள். மகள் ஒருத்தி, ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். இருபத்தாறு வருடமாகத் தோட்டம் கொடுத்த ஒரே லயத்து வீட்டில்தான் இருக்கிறோம். சுவரில் எத்தனையாவது முறை சுண்ணாம்பு அடித்தோம் என்பது எனக்கு மறந்துவிட்டது, ஆனால் ஒவ்வொரு முறையும் யார் ஏணியைப் பிடித்தது என்பது நினைவிருக்கிறது. நான்தான்.

முதல் கார்டு ஈப்போவில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் கிடைத்தது. மேசை போட்டு ஒரு பெண் நின்றிருந்தாள். “அங்கிள், ஃப்ரீலா, ஒரு காசு கட்ட வேணாம்” என்றாள். கையெழுத்துப் போட்டதற்கு ஒரு குடை கொடுத்தாள். எங்கள் ஊரில் குடைக்கு எப்போதும் வேலை உண்டு என்பதால் நானும் சந்தோஷப்பட்டேன். கார்டு தபாலில் வந்த அன்று அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு வந்தார். “முன்ன இதெல்லாம் துரை கையிலதான் பாக்கலாம்” என்றார். பெருமை முகத்தில் வழிந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஃபிரிட்ஜ். காடிக்கு, அதாவது எங்கள் பழைய காருக்கு, நாலு டயர். தீபாவளித் துணி. மகளுக்கு லேப்டாப். இவற்றுக்கு நடுவில் குளியலறைக்குச் சுடுதண்ணீர் ஹீட்டர். இந்த மலையில் பிறந்து, பல் கிடுகிடுக்கக் குளித்து, கிடுகிடுப்போடு வேலைக்குப் போய்ப் பழகியவள் நான். குழாயைத் திருப்பியதும் சுடுதண்ணீர் வந்த முதல் நாள் குளியலறைக்குள்ளேயே நின்று அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மாதம் ஒரு தாள் தபாலில் வரும், மலாயில். அவர் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். சாலைப் பலகையும் சரக்குச் சீட்டும் படிக்கிற அளவுக்கு மலாய் தெரியும். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உரக்கப் படிப்பார். “பாக்கி ரெண்டாயிரத்து எண்ணூறு இருக்கு.” அடுத்த மாதம் அது மூவாயிரமாக இருக்கும். நாங்கள் செலவு செய்துகொண்டே இருந்தோம், பாக்கி ஏறிக்கொண்டே இருந்தது. இதைப் பார்த்து யாருக்காக இருந்தாலும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவருக்கு வரவில்லை. “மாசாமாசம் கட்டுறோம்ல, ஏறாம என்னா செய்யும்” என்றார். தாளில் இன்னொரு வரியும் இருந்தது, ஃபாயேடா என்று. மலாயில் அதற்குப் பயன் என்றும் பொருள், வட்டி என்றும் பொருள். “பாத்தியா, பேங்க்காரன் நமக்கு ஃபாயேடா வேற போடுறான்” என்பார்.

தாளின் கீழே குறைந்தது இவ்வளவு கட்டு என்று ஒரு சிறிய தொகை இருக்கும். அதைத் தவறாமல் கட்டிவிடுவார். தோட்டத்துச் சம்பளச் சீட்டில் பழகிய புத்தி அது. சீட்டில் கரண்டுக்கு இவ்வளவு வெட்டு, கோயிலுக்கு இவ்வளவு வெட்டு, முன்பணத்துக்கு இவ்வளவு வெட்டு என்று போட்டிருப்பார்கள். தாள் சொன்னதை வெட்டிக்கொண்டால் அந்த மாதத்துப் பேச்சு முடிந்தது. பேங்க் தாளும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். பிறகு அதே சூப்பர் மார்க்கெட்டில் வேறொரு மேசை, வேறொரு பேங்க், இரண்டாவது கார்டு. அதற்குச் சக்கரம் வைத்த பயணப் பை ஒன்று கொடுத்தார்கள். தாப்பாவைத் தாண்டினால் வாந்தி எடுக்கிற எனக்குப் பயணப் பை.

விஷயம் வெளியே வந்தது ஒரு ஜோடி கம்பளியால். மகளைப் பார்க்க ஈப்போ போன இடத்தில், பழைய கம்பளி நைந்துவிட்டது என்று கடைக்குப் போனோம். அவர் கார்டை நீட்டினார். கடைப் பெண் மிஷினில் இழுத்துப் பார்த்துவிட்டு, “போக மாட்டேங்குது அங்கிள்” என்றாள். இரண்டாவதை நீட்டினார். அதுவும் போகவில்லை. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். “நல்லாப் பாரும்மா, உள்ள பாக்கி நெறைய இருக்கு. ரெண்டுலயும் சேத்துப் பதினோராயிரத்துக்கு மேல இருக்கு” என்றார், கொஞ்சம் சத்தமாகவே. வரிசையில் நின்றவர்கள் அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். மகள் தன் காசைக் கொடுத்தாள்.

அந்த வாரக் கடைசியில் மகள் மேலே வந்து, பயணப் பைக்குள் நாங்கள் போட்டு வைத்திருந்த தாள்களையெல்லாம் தரையில் பரப்பினாள். தேதி வாரியாக அடுக்கி ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அப்பா, இந்தப் பாக்கி நம்ம கையில இருக்கற பாக்கி இல்லப்பா. நாம குடுக்க வேண்டிய பாக்கி.”

“அப்ப ஃபாயேடா?”

“அது வட்டிப்பா. நமக்கு இல்ல, அவங்களுக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். “அப்ப ஏறிட்டே இருந்துச்சே” என்றார். “ஆமாப்பா, ஏறிட்டேதான் இருந்துச்சு” என்றாள் மகள். மொத்தம் பதினோராயிரத்து நானூறு.

அந்தத் தொகை மட்டும் என்றால் திட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அவருக்கு அறுபது வயதாக அப்போது இருபத்திரண்டு மாதம் இருந்தது. அறுபது ஆனால் வேலை முடிந்தது. என் பெயரில் வீடு கிடையாது, வீடு அவர் வேலைக்குக் கொடுத்தது. மூன்று மாதத்தில் காலி செய்து சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். அதற்காக ரிங்லெட்டில் பழைய மலிவு விலை வீடு ஒன்றைப் பேசி வைத்திருந்தோம். இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட ஒரு முழம் இடம். உடைமைக்காரர் தெரிந்தவர், ஓய்வு பெறும் வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றிருந்தார். என் வீட்டுக்காரரின் சேமநிதிக் காசு அந்த வீட்டுக்கு நூல் பிடித்த மாதிரி சரியாக வரும். ஒரு ஆயிரம் குறைந்தாலும் வீடு கிடையாது.

“சேமநிதியில எடுத்து அடச்சிருவோமே. ஒரே நாள்ல முடிஞ்சிரும்” என்றார்.

“அதுல கை வச்சீங்கன்னா நாம எங்க போய்ப் படுக்கறது? லோரியிலயா?” என்றேன்.

மகள் கணக்குப் போட்டாள். மாதம் எழுநூறு கட்டி, கார்டைத் தொடாமல் இருந்தால் பத்தொன்பது மாதம். மூன்று மாதம்தான் கையில் மிச்சம். இரண்டு கார்டையும் அவள் கையோடு ஈப்போவுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

எழுநூறை எங்கிருந்து எடுப்பது என்பது என் பாடு. பாக்கெட் கட்டும் இடத்தில் மிஷின் கோணலாக ஒட்டிவிட்ட பைகளைக் கழித்துப் போடுவார்கள். வெளியே தோட்டத்து இலை அச்சடித்து, உள்ளே வெள்ளி நிறத்தில் பளபளக்கும் பைகள். சூப்பர்வைசரிடம் கேட்டுப் பதினொன்று எடுத்து வந்தேன். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் எழுதினேன். அரிசி, மீன், கரண்ட், பெட்ரோல், காடித் தவணை, மருந்து, விசேஷம், கோயில், அவருக்கு, எனக்கு. பதினோராவதில் ‘பாக்கி’ என்று எழுதி, சம்பளம் வந்த அன்றே அதில்தான் முதலில் எழுநூறைப் போடுவேன். அதை நிரப்பிய பிறகு மற்ற பைகள் எல்லாம் வயிறு ஒட்டிக் கிடக்கும். காசு முழுக்கத் தேயிலை வாசம் ஏறிவிட்டது. ரிங்லெட்டில் நாங்கள் எப்போதும் சாமான் வாங்கும் கடையும் சாப்பாட்டுக் கடையும் ஒரே பாயுடையது. அவர் நோட்டை மூக்கருகே கொண்டுபோய், “என்னக்கா, தோட்டத்துல காசையும் வறுத்துத்தான் குடுக்கறாங்களா” என்று கேட்டார்.

நான் பாக்கியை எண்ண ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான். அதற்கு முன் பாய் கொடுக்கும் சில்லறையை அப்படியே பையில் போடுகிறவள், இப்போது கல்லா முன்னால் நின்று ஒவ்வொரு காசாக எண்ணினேன். பாய்க்கு மனசு வருத்தமாகத்தான் இருந்திருக்கும். எண்ணி முடிக்கும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

ஹீட்டரின் சுவிட்சை அணைத்து அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டினேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மாதங்களில் குச்சியைக் கட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டித் தண்ணீர் காய வைத்தோம். காய்கறிக்கு லெம்பா பெர்த்தாம் என்ற ஊரில் காய்கறித் தோட்டக்காரர்கள் கழித்துப் போடும் கோஸ், மிளகாய். கோஸின் வெளி இலை கிழிந்திருக்கும், அவ்வளவுதான், அதற்குக் கால் விலை. ஆனால் நாலு மாதம் தொடர்ந்து கோஸ் சாப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் நுழையும்போதே அந்த வாசம் முகத்தில் அடிக்கும். அவர் சிகரெட்டை விட்டார், வாரம் இரண்டு நாள் எடுக்கும் லாட்டரி நம்பரை விட்டார். பாய் கடையில் பால் ஊற்றி ஆற்றித் தரும் தே தாரிக்கை விட்டுவிட்டு, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறினார். கோசோங் என்றால் காலி. காலித் தண்ணீரைக் குடிக்கிற முகத்தோடுதான் அதைக் குடிப்பார். நான் மகளிடம் போனில் பேசுவதைக்கூட அவள் கூப்பிடும் நாட்களுக்கு வைத்துக்கொண்டேன்.

கஷ்டத்தைவிடச் சலிப்புதான் என்னை அறுத்தது. கஷ்டம் வந்தால் பல்லைக் கடிக்கலாம், நாலு பேர் பாவம் என்பார்கள். இது தினமும் ஒரு மீனா இரண்டு மீனா என்று யோசிக்கிற சலிப்பு. விசேஷம் பையில் இருபது வெள்ளி இருந்த மாதத்தில் மூன்று கல்யாணப் பத்திரிகை வந்தது. இரண்டுக்குப் போகவில்லை. மூன்றாவது பக்கத்து லயம், போகாமல் தீராது. கவரில் இருபதை வைத்து, பேரை எழுத வெட்கப்பட்டு, எழுதாமலே கொடுத்தேன். மறுநாள் பெண் வீட்டில் கவர்களைப் பிரித்து நோட்டில் ஏற்றியிருக்கிறார்கள். லயத்தில் மற்ற எல்லாருடைய பேரும் வந்துவிட, பேரில்லாத கவர் யாருடையது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அது மட்டுமா, காசில் தேயிலை வாசம் வேறு.

கட்டத் தொடங்கிய பதினோராவது மாதம் மழை பிடித்தது. தாப்பாவுக்கு இறங்கும் வழியில் மண் சரிந்து சாலையை மூடிவிட்டது. லோரி இறங்கவில்லை. அவருக்கு அடிப்படைச் சம்பளம் வரும், ஆனால் வீட்டை ஓட்டுவது டிரிப் காசுதான், அது ஒரு சென் வரவில்லை. பாக்கிப் பையில் முந்நூறு போட்டேன், பேங்க் கேட்ட குறைந்த தொகைக்கு அதுதான் சரியாக இருந்தது. அடுத்த மாதமும் பாதிக்குத்தான் டிரிப். ஏறியது கொஞ்சம் வட்டி, போனது ஒரு மாதத்துக்கு மேல். கையில் இருந்த மூன்று மாதத்தில் ஒன்று இப்படிக் கரைந்தது.

சாலை மூடிக் கிடந்த ஒரு நாள் மத்தியானம் அவர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் பைகளைத் தரையில் பரப்பி ஒன்றிலிருந்து எடுத்து ஒன்றில் போட்டுக்கொண்டிருந்தேன். மருந்துப் பையில் இருந்ததைக் கரண்டுக்கு மாற்றும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

“ஒரு ரெண்டாயிரம் மட்டும் சேமநிதியில எடுத்தா என்னா? மூச்சு விடலாம்லா.”

எனக்குள் என்ன அறுந்ததென்று தெரியவில்லை. “வீட்டக் கொண்டுபோய்க் குடுத்துட்டு மூச்சு விடுங்க” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஒரு வார்த்தைய ஒழுங்காப் படிக்கத் தெரியல. குடுக்க வேண்டிய காசப் போய் இருக்கற காசுன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. உங்க ஆறாம் வகுப்புப் படிப்புக்கு நானும் சேந்து கோஸ் தின்னுக்கிட்டு இருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. எதையோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. பிறகு எழுந்து பின்பக்கம் போய், கவ்வாத்துக் குச்சிகளை முட்டியில் வைத்து ஒடிக்கத் தொடங்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. குச்சி ஒடியும் சத்தம் நெடுநேரம் கேட்டது. நான் பைகளை மறுபடியும் அடுக்கினேன்.

நான் கோபக்காரி. அதை யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தபோது எனக்கு வாய் கசந்ததற்குக் காரணம் வேறு. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

எனக்கு முன்பே தெரியும். கம்பளிக் கடைக்கு ஒரு வருடம் முன்பே தெரியும்.

மாதாமாதம் பாக்கி ஏறுவது அவருக்கு உறுத்தவில்லை, எனக்கு உறுத்தியது. இருபது வருடமாகத் தராசு முன்னால் நிற்கிறவள், எடுக்க எடுக்க எடை கூடும் சாக்கை நான் பார்த்ததில்லை. ஒரு நாள் லீவு எழுதிக் கொடுக்க ஆபீசுக்குப் போனபோது தாளையும் மடித்து எடுத்துப் போனேன். கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி நல்ல பையன், பொறுமையாகப் படித்தான். “யக்கா, இது கடன் பாக்கிக்கா. இப்பவே நாலாயிரத்து எரநூறு இருக்கு. இதோட நிறுத்திட்டுச் சீக்கிரம் அடச்சிருங்க” என்றான். சரி தம்பி என்று தாளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அவர் மழையில் நனைந்து வந்து, சுடுதண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார். கதவுக்கு மேலே ஆவி வந்தது. உள்ளே எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது, தீபாவளி கழியட்டும் என்று நினைத்தேன். பிறகு மகளுக்கு லேப்டாப் வேண்டியிருந்தது. இரண்டாவது கார்டுக்கு அவர் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் நின்றேன். அந்தப் பயணப் பையைச் சக்கரம் உருள இழுத்துக்கொண்டு வந்தவள் நான்தான். பயந்து சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால் எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது. கேட்டால் கிடைக்கிற வாழ்க்கை எனக்கு அதற்கு முன் அமைந்ததில்லை. அவருக்குத் தெரியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. நாலாயிரத்து இருநூறு பதினோராயிரத்து நானூறு ஆனதில், அந்த ஏழாயிரத்து இருநூறும் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஆன செலவு. அதற்குப் பிறகு அவரைத்தான் வாய் ஓயாமல் திட்டினேன்.

சாலை திறந்தது. அவர் கேட்ட டிரிப்பெல்லாம் எடுத்தார், கேட்காததையும் எடுத்தார். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுக்கொண்டே தூங்குவார். நான் தொழிற்சாலையில் சனிக்கிழமை ஓவர்டைம் போட்டேன். கோயில் திருவிழாவுக்கு வழக்கமாகத் தரும் இருநூறுக்குப் பதில் முப்பது கொடுத்தோம். கமிட்டித் தலைவர் ரசீதை எழுதிவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. பத்தொன்பதாவது மாதம் வந்து போனது, முடியவில்லை. இருபதாவது மாதமும் முடியவில்லை. ‘அவருக்கு’, ‘எனக்கு’ என்று எழுதிய இரண்டு பைகளையும் காலி செய்து பாக்கிப் பையில் கொட்டினேன்.

இருபத்தோராவது மாதம் கடைசிக் காசை பேங்க் வாசலில் காசு கட்டும் மிஷினில் போட்டார். போட்டுவிட்டு மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார், அது ஏதாவது சொல்லும் என்பதுபோல. அது ரசீதைத் துப்பியது.

முடிந்த கணக்கின் தாள் தபாலில் வர மேலும் இரண்டு வாரம் ஆனது. வந்ததை அவர் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட் போய் வீட்டின் உடைமைக்காரரைப் பார்த்தோம். அடுத்த மாதம் பணம் வந்துவிடும் என்று சொன்னோம். அவர் சாவியைக் கொடுத்துச் சும்மா பார்த்துவிட்டு வரச் சொன்னார். இரண்டு அறையையும் திறந்து பார்த்தோம். குளியலறையில் குழாய் மட்டும்தான் இருந்தது. தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. பரவாயில்லை. பின்னால் துணி காயப்போடும் இடத்தில் அவர் போய் நின்று நாலு எட்டு வைத்து அளந்தார்.

பிறகு பாய் கடையில் போய் உட்கார்ந்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பழையபடி உரக்கப் படித்தார்.

“பாக்கி கோசோங்.”

கல்லாவிலிருந்து பாய் திரும்பினார். “தே ஓ கோசோங்தானே அண்ணே, தெரியுமே.”

“இல்ல பாய். இன்னைக்கு ரெண்டு தே தாரிக் போடுங்க. நல்லாச் சீனி போட்டு.”

சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. உடம்பு முழுக்க அசதிதான் இருந்தது, மலைமேட்டில் ஏறி முடித்து உட்காரும்போது காலில் வருமே அந்த மாதிரி. கடன் முடிந்தது, வீடு வந்துவிட்டது, ஆனால் நான் சொல்லாமல் வைத்திருந்தது அப்படியே இருந்தது. தே வந்தது. அவர் ஊதி ஊதி ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“ஒன்னு சொல்லணும்ங்க. அந்தப் பாக்கி என்னா பாக்கின்னு எனக்கு முன்னமே தெரியும். கம்பளி வாங்கப் போனோமே, அதுக்கு ஒரு வருசம் முன்னமே. கிராணிகிட்டப் போய்க் கேட்டேன். நாலாயிரத்து எரநூறு இருந்தப்ப.”

அவர் கண்ணைத் திறந்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

“தெரியும்லா.”

“என்னா தெரியும்?”

“நம்ம பாப்பா தாளப் படிச்சுச் சொல்லிட்டுப் போனா இல்ல, எனக்கு மனசு கேக்கல. மறுநாளே நானும் தாளத் தூக்கிட்டு கிராணிகிட்டப் போனேன். உங்க வீட்டுக்காரம்மா போன வருசமே வந்து கேட்டுட்டுப் போனாங்களே அண்ணேன்னான்.”

இருபத்தோரு மாதம். பதினோராவது மாதத்து மழையில் அவர் எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் குச்சி ஒடிக்கப் போனது என் கண் முன்னால் வந்து நின்றது. நான் பேசியது ஒவ்வொன்றும் வரிசையாக வந்தது. ஆறாம் வகுப்பு, கோஸ், ஊர் பூரா. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

“அப்ப நான் அவ்வளவு பேசறப்ப நீங்க ஏன் வாயத் தொறக்கல?”

“நானும் பேசியிருந்தா யாரு கணக்குப் பாக்கறது?” என்றார். சொல்லிவிட்டு மிச்சத் தேயைக் குடித்தார்.

பாய் மேசைக்கே வந்து காசை வாங்கிக்கொண்டு, பாக்கியை ஒரு சின்னத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். வழக்கம்போல என் பக்கமாக வைத்துவிட்டு, வழக்கம்போல முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நோட்டு, கொஞ்சம் சில்லறை. எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது. தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

“நீங்க எண்ணுங்க.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நோட்டை விரித்து வைத்து, சில்லறையை ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தி, அவசரப்படாமல் எண்ணினார்.

“சரியா இருக்கு” என்றார்.